காலுக்கு எந்த ஸ்டாக்கிங்ஸ், எந்த பெல்ட்? வாங்குவதற்கு முன்னால் ஒரு ஸ்கேன்

வாசகியின் கடிதம் நீளமானது. அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. நெல்லைப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. கடை திறந்ததிலிருந்து ராத்திரி அடைக்கும் வரை நின்றபடிதான். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ள ஆரம்பித்தது. இப்போது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப்போய் அரிக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு கடைப் படியில் அதே கால் பிசகிவிட, மெடிக்கலில் கிரேப் பேண்டேஜ் வாங்கித் தானே சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். வீக்கம் இன்னும் வடியவில்லை. முட்டியும் வலிப்பதால் ஒரு நீ-கேப் வாங்கி இரவும் பகலும் போடுகிறார். ஓராண்டாக ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் மாத்திரை. வலது பாதமும் சாயந்திரமானால் லேசாக வீங்குகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் சும்மா கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போடலாமா, இல்லை ஆன்லைனில் 'கிளாஸ் 2' என்று விற்பதை வாங்கலாமா, ராத்திரியும் போட்டால் சீக்கிரம் குணமாகுமா, ஆபரேஷன் இல்லாமல் தப்பிக்க முடியுமா என்று கேட்கிறார். அம்மாவுக்கு 70 வயது, 20 வருடச் சர்க்கரை. பாதம் எரிகிறது, கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றுவிடுகிறார். "அவங்களுக்கும் ரத்த ஓட்டம்தானே குறைவு, ரெண்டு ஜோடியா வாங்கிடலாம்னு இருக்கேன்" என்று முடித்திருக்கிறார்.

நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: "பத்து நாளா இடது கெண்டைக்கால் கெட்டியா இருக்கு, அமுக்கினா வலிக்குது, சுளுக்கோட தொடர்ச்சிதான்னு நினைக்கிறேன்."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கெண்டைக்காலைப் பற்றிய அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஸ்டாக்கிங்ஸைப் பற்றி முதலில் பேச எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஸ்கேன், அதுவும் இன்றைக்கே

கணுக்கால் சுளுக்கினால் கணுக்காலைச் சுற்றித்தான் வலிக்கும். ஒன்றரை மாதம் கழித்துப் புதிதாகக் கெண்டைக்கால் கெட்டியாவதையும், அமுக்கினால் வலிப்பதையும் சுளுக்கின் கணக்கில் எழுத முடியாது. ஏற்கெனவே வெரிகோஸ் (ரத்தக்குழாய் புடைத்துச் சுருளும் கோளாறு) உள்ள கால், அடிபட்ட கால், கட்டுப்போட்டு அசைவு குறைந்த கால். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில், உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில்) ரத்தம் உறைந்திருக்கிறதா என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் யோசிப்பார். இல்லாமலும் இருக்கலாம். கையால் தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறோம். வலி இல்லாத சோதனை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இதை வாசிக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

அதுவரை அந்தக் காலில் தைலம் தேய்த்து நீவிவிட யாரையும் விடாதீர்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது வந்தாலும் வேண்டாம். உறைந்த கட்டி இருந்து, அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்துவது, மயக்கம், இருமலில் ரத்தம், இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். உறைவு இருப்பது தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு, ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ ஊசியோ சில மாதங்களுக்குக் கொடுப்பார்கள். ஸ்டாக்கிங்ஸ் அந்த மருந்துக்கு மாற்று இல்லை.

இதே ஸ்கேனில், புடைத்த சிரைகளில் எந்த வால்வு (ரத்தம் திரும்பி இறங்காமல் தடுக்கும் கதவு) கெட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். நின்ற நிலையிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், படுக்க வைத்தே முடித்துவிட்டால் ரத்தம் கீழே திரும்பிக் கசிவது சரியாகத் தெரியாமல் போகலாம்.

ஒரே காலில் மூன்று வீக்கம்

ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு மேலே பேசுகிறேன்.

உங்கள் வீக்கத்துக்கு ஒரு காரணம் இல்லை, குறைந்தது மூன்று இருக்கிறது. பெரியது சிரை. பாதத்திலிருந்து இதயத்துக்கு ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கித் தள்ளும், தள்ளியது திரும்பி இறங்காமல் வால்வுகள் பார்த்துக்கொள்ளும். வால்வு பழுதாகி, அதன்மேல் நாள் முழுக்க நடக்காமல் நின்றுகொண்டே இருந்தால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. அந்த அழுத்தத்தில் ரத்தச் சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிவதால்தான் கணுக்காலுக்கு மேலே கறுப்பு. பேச்சில் 'நரம்பு' என்று சொன்னாலும் புடைத்திருப்பவை நரம்புகள் இல்லை, ரத்தக்குழாய்கள் என்பதால், நரம்புக்கென்று நீங்கள் ஆறு மாதமாகச் சாப்பிடுவதாக எழுதியிருக்கும் வைட்டமின் பி மாத்திரை இதற்கு எதுவும் செய்யாது.

இரண்டாவது, இன்னும் முழுதாக ஆறாத சுளுக்கு. மூன்றாவதை நீங்கள் யோசித்தே இருக்க மாட்டீர்கள்: ஆம்லோடிபின். இந்த மாத்திரையில் இரண்டு கணுக்காலும் வீங்குவது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு, டோஸ் கூடக் கூட அதிகமாகும். உங்கள் வலது காலில் வெரிகோஸ் இல்லை, அடியும் படவில்லை, ஆனாலும் வீங்குகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைப்பதற்கோ வேறு மாத்திரைக்கு மாற்றுவதற்கோ வழி இருக்கிறது. கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா, தைராய்டு எப்படி என்று ஒருமுறை பார்ப்பதும் நல்லது. மாத்திரையால் வரும் வீக்கத்தை ஸ்டாக்கிங்ஸ் போட்டு அமுக்குவதில் அர்த்தமில்லை, இல்லையா.

கணுக்காலும் முட்டியும்

கிரேப் பேண்டேஜ் முதல் சில நாள் வீக்கத்துக்குச் சரி. அதற்கு மேல் பிசகிய மூட்டை அது தாங்கிப் பிடிக்காது, நாலு எட்டு நடந்தாலே தளர்ந்துவிடும். சரி, தளர்கிறதே என்று இறுக்கிச் சுற்றினால் அது வேறு ஆபத்து. நீங்கள் கணுக்காலில் மட்டும் சுற்றிப் பாதத்தை வெளியே விட்டிருப்பதாகத் தெரிகிறது. அப்படிச் சுற்றினால் கட்டுக்குக் கீழே பாதம் வீங்கத்தான் செய்யும். விரல் முடியும் இடத்திலிருந்து தொடங்கி, முந்தைய சுற்றில் பாதியை மூடியபடி, மேலே போகப் போகச் சற்றுத் தளர்த்தியாகச் சுற்றிக்கொண்டு போவதுதான் முறை. விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும்.

இப்போது இரண்டு மாதம் ஆகிவிட்டது. கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பில் விரலை வைத்து அமுக்கிப் பாருங்கள். அங்கே எலும்பிலேயே வலித்தால், அல்லது அடிபட்ட அன்று நாலு எட்டுகூட ஊன்றி வைக்க முடியாமல் இருந்திருந்தால், எக்ஸ்ரே எடுக்காமல் விட்டதைச் சரிசெய்யும் நேரம் இது. எலும்பு நன்றாக இருந்தால் உங்களுக்குத் தேவை இரண்டு பக்கமும் பிடிமானம் உள்ள ஆங்கிள் பிரேஸ், அதாவது கயிறு கட்டுகிற வகை, அல்லது எட்டு வடிவத்தில் பட்டை சுற்றிவரும் வகை. வெறும் எலாஸ்டிக் உறை போதாது. அதையும் வேலை நேரத்தில், படி ஏறி இறங்கும்போது மட்டும் போடுங்கள், வீட்டில் வேண்டாம். ஸ்டாக்கிங்ஸ் போட ஆரம்பித்தபின் அதற்கு மேலேயே பிரேஸைப் போடலாம், பட்டை ஒரே இடத்தில் அழுந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிரேஸைவிட முக்கியமானது பயிற்சி, அதற்குக் காசும் வேண்டாம். சுவரைத் தொட்டபடி அந்தக் காலில் மட்டும் அரை நிமிடம் நிற்பது, பழகியதும் கையை எடுத்துவிட்டு நிற்பது. தசைநார் கிழியும்போது மூட்டின் நிலையை உணர்த்தும் திறனும் கெடுகிறது. அதைத் திரும்பப் பழக்காவிட்டால் அதே கால் அதே மாதிரி மறுபடி பிசகும்.

முட்டிக்கு வருவோம். 'நீ-கேப் போட்டால் தேய்மானம் நின்றுவிடும்' என்று கடையில் சொன்னார்களாம். நிற்காது. அது தரும் கதகதப்பிலும் பிடிமானத்திலும் வலி கொஞ்சம் குறைவது உண்மைதான், ஆனால் குருத்தெலும்புக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. உள்ளே காந்தம் வைத்தது, தாமிர நூல் நெய்தது என்று அதிக விலைக்கு விற்பவையும் இதற்கு மேல் எதுவும் செய்துவிடாது. உங்கள் விஷயத்தில் அது கெடுதலே செய்கிறது. கழற்றும்போது தோலில் ஆழமாகத் தடம் விழுகிறது, அன்றைக்குப் பாதம் கூடுதலாக வீங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழே ரத்தம் தேங்கும் காலில் முட்டியை மட்டும் இறுக்கினால் வேறென்ன நடக்கும்? இன்றே கழற்றுங்கள், முக்கியமாகத் தூங்கும்போது.

முட்டி மடங்கிச் சறுக்குகிறதா, பூட்டு விழுந்த மாதிரி நீட்ட முடியாமல் நின்றுவிடுகிறதா? அப்படியானால் ஜவ்வையோ தசைநாரையோ பார்க்க வேண்டும், அதற்குத் தேவைப்படலாம் பக்கவாட்டில் கீல் வைத்த பிரேஸ். அதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவுசெய்வார். அது எதுவும் இல்லாத சாதாரண வலி என்றால், காலை நீட்டி உட்கார்ந்து தொடைத் தசையை இறுக்கி ஐந்தாறு நொடி பிடித்து விடுவதை, ஒரு தடவைக்குப் பத்து முறை என்று தினமும் இரண்டு மூன்று வேளை செய்யுங்கள்.

ஸ்டாக்கிங்ஸ்: பெட்டியில் பார்க்க வேண்டியது எண்ணை

பாட்டியின் வெள்ளை ஸ்டாக்கிங்ஸை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது படுத்தே கிடக்கும் நோயாளிக்கு ரத்தம் உறையாமல் இருக்க அணிவிப்பது. கணுக்காலில் சுமார் 18 மி.மீ. பாதரச அழுத்தம்தான் தரும். நாள் முழுக்க நிற்கும் வெரிகோஸ் காலுக்கு அது போதாது, மேலும் அது அவருடைய காலின் அளவுக்குக் கொடுத்தது.

'கிளாஸ் 2' என்பதை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. ஜெர்மன் தரப்படி கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32 மி.மீ. பாதரசம், பிரிட்டன் தரப்படி அதே கிளாஸ் 2 வெறும் 18 முதல் 24 வரைதான். நம் கடைகளில் இரண்டு வகையும் கலந்து கிடைக்கின்றன. பெட்டியில் எம்எம்எச்ஜி (mmHg, அதாவது மி.மீ. பாதரசம்) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். எண்ணே போடாமல் 'ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். வீக்கமும் தோல் கறுப்பும் உள்ள உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாக 20-30 என்ற அளவில், முட்டிக்குக் கீழ்வரை வரும் ஸ்டாக்கிங்ஸ் எழுதுவோம். தொடை வரை வருவது நம் வெயிலுக்கு வழுக்கிச் சுருண்டுவிடும், பெரும்பாலானவர்களுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் எழுதுவதற்கு முன்னால் பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் கணுக்காலில் ரத்த அழுத்தம் எடுத்துக் கையோடு ஒப்பிட வேண்டும். இது ஏன் என்று அம்மாவைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எஸ், எம், எல் என்று கேட்டு வாங்கும் பொருள் இல்லை இது. காலையில் எழுந்தவுடன், கால் வீங்குவதற்கு முன், கணுக்காலின் மிக மெலிந்த இடத்தையும் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தையும் டேப்பால் சுற்றி அளந்து, தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை உயரமும் எடுத்து, பெட்டியில் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சாயந்திரம் வீங்கிய காலை அளந்து வாங்கினால் காலையில் தொளதொளவென்று இருக்கும். விரல் திறந்த வகையைக் கேளுங்கள், நம் வெக்கைக்கு அதுதான் தோதானது, மெட்டியைக் கழற்ற வேண்டிய சங்கடமும் இருக்காது. கொலுசை மட்டும் கழற்றிவிடுங்கள், மாட்டினால் நூல் பிரிந்துவிடும்.

காலையில் படுக்கையை விட்டு எழுந்த கையோடு போட வேண்டும். உட்புறத்தை வெளியே திருப்பிக் குதிகால் வரை கொண்டுவந்து, குதிகாலைச் சரியாகப் பொருத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடிப்பு கிடைக்கும். மேல் விளிம்பை மட்டும் ஒருபோதும் மடித்துவிடாதீர்கள், மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, நீ-கேப் செய்த அதே வேலையை இதுவும் செய்யும். நல்ல ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்துவதுபோல் நெய்யப்பட்டது, அதை நாமே கெடுக்கக்கூடாது. ராத்திரி கழற்றிவிடுங்கள், படுத்தால் தேக்கம் தானாகவே குறைந்துவிடும், அப்போது இது தேவையில்லை. அரிக்கும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதானால் கழற்றிய பிறகு ராத்திரியில் தடவுங்கள், காலையில் தடவினால் ஏறவும் ஏறாது, எலாஸ்டிக்கும் வீணாகும். கையால் துவைத்து, முறுக்காமல், நிழலில் காயப்போடுங்கள். தினமும் போட்டால் ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும், அப்புறம் புதிது வாங்கித்தான் ஆகவேண்டும்.

இதனால் வெரிகோஸ் குணமாகுமா என்றால், ஆகாது. போட்டிருக்கும் வரை வீக்கமும் பாரமும் குறையும், கெட்ட வால்வு கெட்டதாகவேதான் இருக்கும். தோல் கறுத்துவிட்ட நிலையில் அடுத்த கட்டம் ஆறாத புண் என்பதால், சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆபரேஷன் என்றதும் கால் முழுக்கக் கிழிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். இப்போது பெரும்பாலும் லேசரையோ ரேடியோ அலைச் சூட்டையோ மெல்லிய குழாய் வழியாகச் செலுத்திப் பழுதான சிரையை மூடிவிடுகிறார்கள். மரத்துப்போகும் ஊசியே போதும், பெரும்பாலும் அன்றே நடந்து வீட்டுக்கு வரலாம். சில வருடம் கழித்து வேறு சிரையில் திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் நீங்கள் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருவீர்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் இஎஸ்ஐ மருந்தகம் வழியாகப் போகலாம். நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எப்படியும் இருக்கிறது.

அம்மாவுக்கு வாங்காதீர்கள்

உங்கள் காலில் ரத்தம் மேலே ஏறமாட்டாமல் தேங்குகிறது. அம்மாவின் காலில் ரத்தம் கீழே வருவதே குறைவோ என்று சந்தேகிக்கிறேன். நடந்தால் கெண்டைக்கால் பிடிப்பதும், நின்றால் விட்டுவிடுவதும் தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) அடைப்பின் அறிகுறி. ஏற்கெனவே ரத்தம் வராத காலை வெளியிலிருந்து இறுக்கினால் தோல் செத்துப் புண்ணாகிவிடும், விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைகூட வரலாம். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால், ஸ்டாக்கிங்ஸ் மடிந்து தோலை அறுப்பதுகூட அவருக்குத் தெரியாது.

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.8-க்குக் கீழே போனால் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் போடக்கூடாது, 0.5-க்குக் கீழே அறவே கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல்: தமனியில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் இந்த எண் 1.3-க்கு மேலே பொய்யாக ஏறி 'எல்லாம் சரி' என்று காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அவரைச் சர்க்கரைப் பாதம் பார்க்கும் மருத்துவரிடமோ ரத்தநாள அறுவை மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள்.

அவருக்கு நீங்கள் வாங்க வேண்டியது எம்.சி.ஆர். செருப்பு. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோயால் மரத்த பாதங்களுக்காக உருவாக்கிய மெத்தென்ற ரப்பர் அது. இன்று சர்க்கரைப் பாதங்களைக் காப்பதும் அதுதான். பின்பட்டை வைத்ததாக வாங்குங்கள், வீட்டுக்குள்ளும் போடச் சொல்லுங்கள். எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைக்க மட்டும் விடாதீர்கள்.

உட்காருவது உங்கள் உரிமை

இதை மருத்துவ ஆலோசனையாகவே சொல்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளா 2018-லேயே இதைச் செய்துவிட்டது. தனியாகக் கேட்டால் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்களோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பிரிவில் உங்களோடு நிற்கும் பெண்களில் கால் வீங்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சேர்ந்து கேளுங்கள். ஸ்கேன் பார்க்கும் மருத்துவரிடம் 'தொடர்ந்து நிற்கக்கூடாது, இடையிடையே உட்கார வேண்டும்' என்று எழுதி வாங்கிக்கொண்டு கேளுங்கள். அப்படியும் மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

இருக்கை வரும்வரை, நிற்கும்போதே அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள், புடவை விரித்துக் காட்டும்போதுகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ராத்திரி கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களுக்கடியிலும் ஒவ்வொரு செங்கல் வையுங்கள்.

டாப்ளர் ரிப்போர்ட் வந்ததும், காலையில் எடுத்த மூன்று அளவுகளையும் ஆம்லோடிபின் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டாக்கிங்ஸை அதற்கு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.